நீலம் போதாத தண்ணீர்

வாருங்கள் என் தங்கங்களே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் நிற்பவர்களுக்கும் உள்ளே இடம் இருக்கிறது. காலை நீட்ட வேண்டியவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள். அழுக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போன ஒரு மனிதரை, "உங்கள் தண்ணீரில் அழுக்குப் போதாது" என்று திருப்பி அனுப்பிய பெரிய நிலையத்தின் கதையை இன்றைக்குச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அடக்கிய சிரிப்பு உடம்புக்கு ஆகாது.

அந்த மனிதரை ஊரே டிரைவர் என்றுதான் கூப்பிடும். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கை காட்டினால் நிறுத்தி, விசில் கேட்டால் எடுத்துப் பழகிய மனிதர். எதிர்த்துப் பேச வராது. அவரும் அவர் மனைவியும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவார்கள். மனைவி பாட்டுச் சொல்லித் தருவார், ஊட்டிவிடுவார், அதட்டுவார். டிரைவர் மூக்குத் துடைப்பார், சண்டை விலக்குவார், மத்தியானத்தில் எல்லாரையும் விரிப்பில் வரிசையாகப் படுக்கவைத்து, வாயாலேயே பேருந்துச் சத்தம் எழுப்பித் தூங்கவைப்பார். மேடு ஏறும் சத்தத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் இறக்கத்தில்.

குறை ஒன்றுதான். தண்ணீர். அந்தத் தெருக் குழாய் சாக்கடையை உரசிக்கொண்டு வருகிறது. வழியில் ஏதோ பட்டறைக் கழிவையும் விசாரித்துவிட்டு வருகிறது. மொட்டைமாடித் தொட்டியில் வந்து விழும்போது பார்க்கப் பளிச்சென்று இருக்கும். முகர்ந்தால் மருந்துக்கடை வாடை. குடித்தால் வயிறு கலங்கும். காய்ச்சித்தான் கொடுத்தார்கள். காய்ச்சினால் கிருமி போகும், வாடை போகுமா? அதுவும் போகட்டும், பிள்ளைகள் காய்ச்சிய தண்ணீரோடு நிற்கிற ஜாதியா? குளிக்கும்போது வாயைத் திறப்பார்கள். நனைந்த பொம்மையைச் சப்புவார்கள். கையைக் கழுவச் சொன்னால், கழுவிய கையை நன்றாக நக்கிக் காட்டுவார்கள். எப்போது பார்த்தாலும் யாராவது ஒரு பிள்ளை வாடிப்போய்ச் சுருண்டு படுத்திருக்கும்.

ஒருநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். தன்னிடமிருந்த சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"டிரைவர், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. கோடை லீவு முடியறதுக்குள்ள தண்ணியைச் சரி பண்ணலன்னா நானே வந்து பூட்டுப் போட வேண்டியிருக்கும். என் பேத்தியே இங்கதான் வர்றா. பூட்டிட்டா அவளை நான் ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போகணும். அதுக்கு இந்தத் தண்ணியே தேவலாம்."

"குழாயை மாத்தித் தரச் சொல்லுங்களேன் சார்."

"அது இன்னும் வரைபடத்துல இருக்கு. என் பேத்தி கல்யாணத்துக்குள்ள வந்துரும். அதுவரைக்கும், கால்வாய்க்கு அந்தப் பக்கம் நீர்த்தெளிவு ஆய்வு நிலையம்னு ஒண்ணு இருக்கே, அவங்களைப் போய்ப் பாருங்க. வெயில்ல வெச்சா அழுக்கைத் தின்னுற பலகை வெச்சிருக்காங்களாம்."

அவர் சொன்னது நிஜம்தான் கண்ணுகளா. ஒளிவினையூக்கி என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், சங்கதி எளிது. சுவர்ப் பூச்சில் போடுகிற ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. அதன்மேல் வெயில் பட்டால் அதற்கு ஒரு வேகம் வரும். தொட்டுக்கொண்டு ஓடும் தண்ணீரில் இருக்கிற நஞ்சைத் துண்டு துண்டாக உடைத்துப் போடும். வெறும் பொடி கொஞ்சம் சோம்பேறி. அதோடு துளி வெள்ளியைச் சேர்த்துவிட்டால் சுறுசுறுப்பாகிவிடும், கிருமியையும் கொல்லும். அந்தப் பொடியைக் கண்ணாடிப் பலகையில் பூசிச் சாய்த்து வைத்து, மேலே தண்ணீரை மெல்லிசாக ஓடவிட வேண்டும். அவ்வளவுதான். நல்ல பொருள். பொருளின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

டிரைவர் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார்.

நிலையத்தின் வரவேற்பு அறை திருமண மண்டபம் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் அடர் நீலச் சாயத் தண்ணீர் வெள்ளிப் பலகைமேல் வழிந்து கொண்டிருந்தது. நீலம் வெளுத்து, வெளுத்து, கடைசியில் தெளிந்ததும் சுற்றி நின்ற விருந்தினர்கள் கைதட்டினார்கள். உடனே ஒரு ஊழியர் வந்து இன்னும் கொஞ்சம் நீலத்தை ஊற்றிவிட்டுப் போனார். அடுத்த விருந்தினர்கள் வந்தார்கள். டிரைவரும் இரண்டு முறை கைதட்டினார். தட்டிய கையோடு தாகம் எடுத்தது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா தம்பி?"

ஊழியர் மூலையில் இருந்த கேன் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார்.

"இந்தப் பலகையில வர்றதைக் குடிக்க மாட்டீங்களா?"

"அது ஆராய்ச்சிங்க. இது தண்ணி."

டிரைவருக்கு விளங்கவில்லை. ஆனால் பெரிய இடங்களில் விளங்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் அவரை நீல அறைக்கு அனுப்பினார்கள். அதற்கு ஒரு தலைவர். விரல், நகக்கண், சட்டைப்பை எல்லாம் நீலம். அவர் டிரைவரின் தண்ணீரை ஒரு கருவிக்குள் வைத்து, எட்டிப் பார்த்து, முகம் மலர்ந்தார்.

"வாழ்த்துகள். உங்க தண்ணியில அழுக்கே இல்ல."

"இல்லீங்களே, பிள்ளைங்களுக்கு வயித்தால போகுது."

"கருவி பொய் சொல்லாதுங்க. நீலம் எவ்வளவு இருக்குன்னு பார்க்கும். உங்க தண்ணியில நீலம் பூஜ்யம். அப்ப அழுக்கும் பூஜ்யம்."

"சார், கொஞ்சம் முகர்ந்து பாருங்களேன்."

தலைவர் முகர்ந்தார். உடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூக்கு அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்ல" என்றார்.

"உலகத்துல அழுக்கெல்லாம் நீலமாவா சார் இருக்கும்?"

"உலகத்தைப் பத்தி எனக்குத் தெரியாது. பலகை கண்டுபிடிச்ச நாள்லேர்ந்து நாங்க நீலத்தை வெச்சுத்தான் சோதிக்கிறோம். வெளுக்கறது கண்ணுக்குத் தெரியும் பாருங்க. பலகை நீலத்துக்குப் பழகிருச்சு, நாங்களும் பழகிட்டோம். இனிமே அழுக்குதான் பழகணும்."

கிருமி என்றால் அடுத்த அறை என்றார்கள். அங்கே இருந்தவர் ஒரு அம்மாள்; நிலையம் முழுக்க அவரைக் கிருமியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. குளிர்பெட்டியைத் திறந்து, வட்டத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குத் தலைவாரி அனுப்புகிற தாய் மாதிரி இருந்தது.

"உங்க கிருமி எந்த வகை?" என்று கேட்டார்.

"கெட்ட வகைங்க."

"அப்படிச் சொன்னா எப்படி? அதுக்குப் பின்னணி வேணும். எங்கேருந்து வந்துது, யாரு வளர்த்தாங்க, ஒண்ணும் தெரியாத கிருமியை உள்ள விட முடியாதுங்க. நாங்க கொல்றது எங்க கிருமியை மட்டும்தான்."

"நீங்களே வளர்த்து நீங்களே கொல்றீங்களா?"

"வருஷக்கணக்கா. ரொம்பச் சாது. ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணாது. பலகையைப் பார்த்த உடனே செத்துரும்." கிருமியம்மா தட்டை மூடி வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சில நாள் பலகையை வெயில்ல வைக்கறதுக்கு முன்னாடியே செத்துரும். அதையும் கணக்குல சேர்த்துக்குவாங்க."

டிரைவர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மனைவி ஒரு பிள்ளைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"நம்ம தண்ணி நல்ல தண்ணின்னு சொல்லிட்டாங்களா?"

"நீலம் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"ஏங்க, நீங்க ஏதாவது துணிக்கடைக்குள்ள போயிட்டு வந்துட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாத. நாளைக்கு இயக்குநரைப் பார்க்கச் சொல்லியிருக்காங்க."

"நானும் வரேன். உங்களைத் தனியா அனுப்பினா நம்ம பிள்ளைங்களுக்கு நீலம் பூசிக் கூட்டிட்டு வரச் சொல்வாங்க, நீங்களும் சரிங்க சார்னு வந்து நிப்பீங்க."

இயக்குநர் நல்ல உயரம், நல்ல குரல். ஒருவர் எதிரில் உட்கார்ந்தாலும் மண்டபத்துக்குப் பேசுவது மாதிரி பேசுவார். மனைவி சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"அம்மா, அழுக்கு என்பது என்ன? நம்மால் அளக்க முடிந்தது அழுக்கு. நம்மால் அளக்க முடியாதது வதந்தி. எங்கள் பலகை நூற்றுக்கு நூறு வெற்றி பெற்ற பலகை. அதை ஒரு வதந்தியோடு மோதவிட்டு, தோற்றுப்போனால் யார் பொறுப்பு? பிரச்சினை தரமாக இருந்தால்தான் தீர்வும் தரமாக இருக்கும்."

"பிள்ளைங்க வயிறு வதந்தியா சார்?" என்றார் மனைவி.

"கோபப்படாதீர்கள். நிலையம் மக்களுக்காகத்தான் இருக்கிறது. உங்கள் தண்ணீரை எங்கள் தரத்துக்கு உயர்த்தித் தருகிறோம்."

தரத்துக்கு உயர்த்துவது என்றால் என்ன என்று டிரைவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு வண்டி வந்து வாசலில் நின்றது. வெள்ளிப் பலகையை இரண்டு பேர் மணப்பெண்ணை இறக்குவது மாதிரி இறக்கினார்கள். டிரைவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பின்னாலேயே நீலத் தலைவர் ஒரு பெரிய பீப்பாயோடு இறங்கினார். அதற்கும் பின்னால் கிருமியம்மா, துணி சுற்றிய பெட்டியை மடியில் வைத்தபடி.

மாடிக்குப் போய்ப் பார்த்த மனைவி போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது.

"ஏங்க! இங்க வந்து பாருங்க! தொட்டியில நீலத்தைக் கொட்டறாங்க! இருக்கிற அழுக்கு போதாதுன்னு வெளியிலேர்ந்து வேற கொண்டு வந்திருக்காங்க!"

"பதறாதீங்கம்மா," என்றார் நீலத் தலைவர், கலக்கிக்கொண்டே. "இப்பதான் உங்க தண்ணி தகுதி அடைஞ்சிருக்கு."

கிருமியம்மா பெட்டியைத் திறந்து, தன் சாதுக் கிருமிகளைத் தொட்டியில் விட்டார். விடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பலகையைச் சாய்த்து வைத்தார்கள், மோட்டாரைப் போட்டார்கள். நீலத் தண்ணீர் வெயிலில் வழிய ஆரம்பித்தது. சோதனை முடியும்வரை தொட்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. டிரைவர் அடுத்த தெருவிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தார். பிள்ளைகளோ மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து, நீலம் வழிவதை வாய் பிளந்து பார்த்தார்கள். அந்த வாரம் அவர்கள் யாருமே அழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் நாளே கிருமியம்மா ஓடிவந்து டிரைவரிடம் சொன்னார்: "அண்ணே, எங்க கிருமி அத்தனையும் போயிடுச்சு."

"பலகை கொன்னுடுச்சா?"

"இல்லண்ணே. உங்க வீட்டுக் கிருமி கொன்னுடுச்சு. பாவம், வெளியுலகமே தெரியாம வளர்ந்ததுங்க."

இயக்குநரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "செத்தது செத்ததுதானே? யார் கொன்றார்கள் என்பதைப் பலகையின் பெருந்தன்மைக்கு விட்டுவிடுவோம்" என்றார்.

ஆனால் வெயில் யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. பலகைக்கும் எது நிலையத்து அழுக்கு, எது தெரு அழுக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நீலத்தை உடைத்த கையோடு பட்டறை நஞ்சையும் உடைத்தது. நிலையத்துக் கிருமி இல்லாவிட்டால் என்ன, தெருக் கிருமியைக் கொன்றது. நாளாக ஆக நீலம் வெளிறி, வானம் மாதிரி ஆகி, ஒரு காலைப் பொழுதில் தொட்டியின் அடி தெரிந்தது. டிரைவர் குனிந்து முகர்ந்தார். ஒரு வாடையும் இல்லை. சுகாதார ஆய்வாளர் வந்து தன் குப்பியில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு முறை பிடித்துப் பார்த்தார். நம்பிக்கை இல்லாமல் மூன்றாவது முறையும்.

"நல்ல தண்ணி டிரைவர்! சாயமும் இல்ல, கிருமியும் இல்ல. பிள்ளைங்களுக்குத் தாராளமாக் குழாயைத் திறந்துவிடுங்க. ஆனா ஒண்ணு. குழாய் அதே குழாய்தான். இந்தப் பலகை இங்க இருக்கிற வரைக்கும்தான் இந்தப் பேச்சு. இது போனா பூட்டு."

அன்றைக்கே விழா. மாடியில் பந்தல், நாற்காலிகள், ஒலிபெருக்கி. இயக்குநர் எழுந்து நின்றார்.

"பெரியோர்களே! நாங்கள் வந்தபோது இந்தத் தொட்டியில் ஒரு சொட்டு நீலம் கிடையாது. அப்படிப்பட்ட நிலைமையில் இருந்த வீடு இது! நாங்கள்தான் நீலத்தைக் கொண்டு வந்தோம். இன்றைக்கு, பெருமையோடு சொல்கிறேன், நாங்கள் போட்ட அழுக்கு முழுவதையும் நாங்களே நீக்கிவிட்டோம். இந்த உலகத்தில் எத்தனை நிறுவனங்கள் இப்படிச் சொல்ல முடியும்?"

கைதட்டல் காதைப் பிளந்தது. டிரைவரும் தட்டினார். தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தால், இரண்டு பேர் பலகையைக் கழற்றத் திருப்புளியோடு நிற்கிறார்கள்.

"சார், சார்! இதை ஏன் எடுக்கறாங்க?"

"நீலம் தீர்ந்துவிட்டதே. திட்டம் முடிந்தது."

"எடுத்தா பழையபடி ஆயிடும் சார்! பிள்ளைங்க..."

"பழையபடி ஆனால் அது புதுப் பிரச்சினை. புதிதாக வரவேண்டும். மறுபடி நீல அறையிலிருந்து."

வாழ்நாளில் ஒருமுறைகூட வண்டியை மறிக்காத டிரைவர், பலகைக்கு முன்னால் போய் நின்றார். கையை அகல விரித்துக்கொண்டார். கீழே பிள்ளைகள் தண்ணீரில் விளையாடும் சத்தம் கேட்டது. திருப்புளிக்காரர்கள் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கூட்டம் கலைந்ததும் எடுங்கள்" என்றார்.

அந்த நேரத்தில் கிருமியம்மா, மனைவியின் முந்தானையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துப்போனார்.

"அக்கா, எங்க ஆளுங்களைப் பத்தி எனக்குத் தெரியும். நீலம் இருக்கிற வரைக்கும் பலகையை எடுக்க மாட்டாங்க. தோத்துட்டு வீட்டுக்குப் போனாங்கன்னு பேர் வந்துருமே. கடைசி சோதனைக்கு இன்னும் பாட்டில் பிடிக்கல. வீட்டுக்காரங்கதான் பிடிச்சுத் தரணும்."

மனைவி விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம் எந்த வீட்டில் இல்லை? தொட்டியில் விடவில்லை, கண்ணுகளா, தொட்டியைத் தொடவே இல்லை. குழாயில் பிடித்த சோதனைப் பாட்டிலில் மட்டும் ஒரு துளி. குலுக்கி மேலே கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தார்.

டிரைவர் பாட்டிலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "இது பொய் இல்லையா?" என்று முணுமுணுத்தார்.

"அவங்க நம்ம தொட்டியில போட்டா ஆராய்ச்சி. நான் அவங்க பாட்டில்ல போட்டா பொய்யா? குடுங்க போய். முகத்தைக் கொஞ்சம் சோகமா வெச்சுக்கோங்க."

முகத்துக்குச் சிரமமே வேண்டியிருக்கவில்லை. நீலத் தலைவர் பாட்டிலைக் கருவியில் வைத்தார். வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி வைத்தார். ஓடிப்போய் இயக்குநர் காதில் ஏதோ சொன்னார். இயக்குநரின் முகம் கறுத்தது. பிறகு மெல்ல மெல்ல, பெரிய கண்டுபிடிப்பு செய்தவர் முகம் மாதிரி ஒளிவிட்டது. ஒலிபெருக்கியை மறுபடி கையில் எடுத்தார்.

"பெரியோர்களே! உட்காருங்கள்! இந்தத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீலம் ஒளிந்திருக்கிறது. பாட்டிலில் பிடித்தால் மட்டுமே வெளியே வருகிறது. விஞ்ஞானம் இதுவரை காணாத பிடிவாதம்! இந்த நிலையம் ஒருபோதும் தோற்றதில்லை. சில சமயம் இன்னும் ஜெயிக்காமல் இருக்கும், அவ்வளவுதான். இந்தக் கடைசித் துளி நீலம் ஒழியும்வரை பலகை இங்கிருந்து அசையாது. நானும் ஓய்வு பெறமாட்டேன்!"

திருப்புளிகள் பைக்குள் போயின. கீழே ஆய்வாளரின் பேத்தி, குளியலறைக் குழாயில் வாயை வைத்து வயிறு முட்டக் குடித்துவிட்டு, நனைந்த சட்டையோடு மாடிக்கு ஏறி வந்தாள். இயக்குநரின் பேச்சுக்கு அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள்.

அதற்குப் பிறகு மாதா மாதம் நீலத் தலைவர் வருகிறார். பாட்டில் நீலமாகப் போகிறது. தூர தேசங்களிலிருந்தெல்லாம் தொப்பி வைத்த அறிஞர்கள் வந்து, தெளிந்த தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "எவ்வளவு ஆழமாக ஒளிந்திருக்கிறது!" என்று வியந்துவிட்டுப் போகிறார்கள். "அடங்காத நீலம்" என்று அதற்குப் பெயர் வைத்து, நிலையத்தில் தனியாக ஒரு துறையே திறந்துவிட்டார்களாம். துறைத் தலைவி யாரென்று நினைக்கிறீர்கள்? கிருமியம்மாதான். பிள்ளைகளுக்கு வயிற்றுவலி என்கிற பேச்சே இல்லை. ஒரே ஒரு சிரமம், முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள டிரைவரால் இப்போது முடிவதில்லை. அதனால் பாட்டிலை மனைவியே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

அவ்வளவுதான் என் செல்லங்களே. எழுந்து மெதுவாக, இருட்டுமுன் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் குழாயில் வாய் வைத்தாலும் அது அமுதமாக இருக்கட்டும். நீங்கள் சொல்லும் நோவை நம்பாதவர் எவரும் உங்கள் வாசலுக்கு வராதிருக்கட்டும். அப்படியே வந்தாலும், உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்த ஆராய்ச்சிக்கும் உதவாத சாதாரண நல்ல தண்ணீராக என்றைக்கும் சுரந்துகொண்டே இருக்கட்டும்.